கன்னம் வீங்கியிருக்கா? வலிக்கலைன்னு விட்டுடாதீங்க!

ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ... குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது, ‘‘பொன்னுக்கு வீங்கியா இருக்கும். பத்து போடு, சரியாப் போயிடும்!’’

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பொன்னுக்கு வீங்கி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். வடியவே இல்லை என்றால்?

சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு சிறுவனுக்கு 3 வயதிலேயே கீழ்த்தாடையில் லேசான வீக்கம். பரிசோதனைக்கு அவன் ஒத்துழைக்கவில்லை. வீக்கமும் சின்னதுதானே என்று விட்டுவிட்டார்கள். 7 வயதில் அது பெரிதாகிவிட, 2019-ல் சவீதா பல் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், தாடைக்குள் ஒரு பை. அதற்குள் குட்டிக் குட்டிப் பற்கள்! ஆபரேஷன் செய்து எண்ணியபோது, மொத்தம் 526! ‘ஓடன்டோமா’ என்ற கட்டி அது. புற்றுநோய் அல்ல. தாடை எலும்பைப் பக்கவாட்டில் உடைக்காமல், மேல்பக்கமாகத் திறந்தே எடுத்துவிட்டார்கள். பையன் பிழைத்தான்.

எல்லாக் கட்டியும் இப்படிச் சாதுவாக இருக்காது. ‘அமிலோபிளாஸ்டோமா’ என்று ஒன்று. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் பக்கம்தான் அதிகம் வரும். இதுவும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆரம்பத்தில் வலியும் இருக்காது. ஆனால், சத்தமில்லாமல் எலும்பை அரித்துக்கொண்டே போகும். வெறுமனே சுரண்டி எடுத்தால் திரும்ப முளைக்கும். முற்றவிட்டால் தாடையில் ஒரு பகுதியையே வெட்டியெடுத்து, கால் எலும்பை வைத்துச் சரிசெய்ய வேண்டி வரலாம்.

படம் என்ன சொல்லும்?

‘ஓ.பி.ஜி.’ எக்ஸ்-ரே மெஷின் தலையைச் சுற்றி வரும். அரை நிமிஷம்கூட ஆகாது. இரண்டு தாடையும் ஒரே படத்தில் வந்துவிடும். அமிலோபிளாஸ்டோமா இருந்தால், பல சமயம் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாகத் தெரியும். கட்டி எவ்வளவு ஆழம், எலும்பைத் தாண்டிவிட்டதா என்பதை சி.டி. ஸ்கேன் காட்டும்.

ஆனால், சாதாரண நீர்க்கட்டியும் படத்தில் இதேபோலத் தெரியலாம். அதனால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் ‘பயாப்ஸி’தான் கடைசித் தீர்ப்பு. ‘‘படம்தான் எடுத்தாச்சே, இது எதுக்கு?’’ என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* இரண்டு வாரமாகியும் வடியாத வீக்கம்
* காரணமில்லாமல் ஆடும் பல்
* உதடு, தாடை மரத்துப்போவது
* விழுந்த இடத்தில் முளைக்காத பல்

முதலில் உள்ளூர் பல் டாக்டரைப் பாருங்கள். அவர் மதுரைக்குப் போகச் சொன்னால், எடுத்த படத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். வலி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்!