மலைக்குப் போவதும் மலையைப் பார்ப்பதும்: மாதர் சங்கங்களின் கூட்டுச் சுற்றுலா குறித்து

மலையகத் தமிழில் 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல் என்பதே பொருள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டி, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு மலை என்பது தொழிற்களம். அதே மலையைக் காண்பதற்காகக் கடல் கடந்து வருகின்ற உல்லாசப் பயணிகளுக்கோ அது காட்சி. கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாக லூல்கந்துர வரை செல்லும் பாதையில் இவ்விரு தரப்பினரும் நாள்தோறும் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர். ஆயினும், அந்தப் பெண் தன் வாழ்நாளில் ஒரு நாளேனும் அம்மலையில் கூடையின்றி நடந்திருப்பாளா என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. கோடைகாலத்தில் மாதர் சங்கங்கள் ஒழுங்குசெய்யும் கூட்டுச் சுற்றுலாக்களைப் பற்றி எழுத முற்படுகையில், இவ்வினாவிலிருந்தே நாம் தொடங்க வேண்டியுள்ளது.

பெண்கள் கூடி வெளியே சென்று பொழுதைக் கழிப்பது வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இது சரியான எண்ணமன்று. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை ஓய்வையும் ஓய்வுநேரத்தையும் மனிதர் அனைவரினதும் உரிமையாக ஏற்றுக்கொண்டுள்ளது. பெண்களுக்கு எதிரான சகலவிதப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டின் சமவாயம், 13ஆவது உறுப்புரையில் பொழுதுபோக்கு, விளையாட்டு, கலாசார வாழ்வு ஆகியவற்றில் பங்குபற்றும் பெண்களின் உரிமையைத் தனியாக எடுத்துக் கூறுகின்றது. இலங்கை இச்சமவாயத்தை 1981ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்திவிட்டது.

இவ்விடயத்தில் கண்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. பெண் சாரணியர் இயக்கம் இலங்கையில் முதன்முதலாகக் காலூன்றியது கொழும்பில் அன்று, கண்டியிலேயாகும். 1917ஆம் ஆண்டு கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில் அதன் முதலாவது அணி ஆரம்பிக்கப்பட்டது. பெண் பிள்ளைகள் குழுவாகத் திறந்த வெளிக்குச் சென்று நடப்பதும், அடுப்பு மூட்டிச் சமைப்பதும், முதலுதவி பழகுவதும் கல்வியின் ஒரு பகுதி என்று அன்றே ஏற்கப்பட்டது. 1930ஆம் ஆண்டு டாக்டர் மேரி இரத்தினம் லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்தார். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையைத் தம் நாடாக்கிக் கொண்ட மருத்துவர் அவர். 1897ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உருவான கிராமியப் பெண்கள் சங்கங்களே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தன. வீட்டுக்குள் தனித்திருந்த பெண் வெளியே வந்து பிற பெண்களுடன் கூடினால், சுகாதாரமும் சேமிப்பும் கைத்தொழிலும் தாமாகவே வளரும் என்பதே அவ்வமைப்புகளின் அடிப்படைக் கருத்தாகும். பிற்காலத்தில் தோன்றிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் இவ்வழியில் வந்தவையாகவே கருதலாம்.

எனினும், அந்தக் காற்று தோட்டங்களுக்குள் வீசுவதற்கு நெடுங்காலம் சென்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். அம்மாற்றம் பெண்களின் வாழ்வில் ஏற்படுத்திய விளைவை நினைப்பவர் குறைவு. கோப்பி, பருவத்துக்குப் பருவம் ஆட்களை வேண்டிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் குடியேற்றப்பட்டனர். கொழுந்து பறிப்பது பெண்களின் தொழிலாயிற்று. வெளியார் தோட்டத்துக்குள் நுழையத் துரையின் அனுமதி தேவைப்பட்ட அக்காலத்தில், உள்ளிருந்த பெண்கள் வெளியே சென்று கூடுவது பற்றிப் பேச்சே எழவில்லை. கோயில் திருவிழாவும், உறவினர் வீட்டுத் திருமணமும், மரண வீடுமே அவர்களது வெளியுலகமாயின.

இன்று தடைகள் வேறு வடிவில் உள்ளன. முதலாவது தடை நேரம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது பெயரளவிலேயே. துணி துவைத்தல், விறகு சேர்த்தல், கலஹா கடைவீதிக்குச் சென்று வாரச் சாமான் வாங்குதல் அனைத்தும் அன்றைய தினத்துக்கே ஒதுங்குகின்றன. சம்பளமற்ற வீட்டுவேலையில் பெண்கள் ஆண்களைவிடக் கூடிய நேரத்தைச் செலவிடுகின்றனர் என்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் உறுதிப்படுத்தியது. இரண்டாவது தடை பணம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை நாம் அறிவோம். அத்தகைய சம்பளத்தில் ஒரு நாள் வேலையை இழந்து, பஸ் கட்டணமும் செலுத்தி உல்லாசமாகச் செல்வது இலகுவன்று. மூன்றாவது தடை ஊர்ப் பேச்சு. ஆண்கள் குழுவாக வாகனம் பிடித்துச் சென்றால் அது 'ட்ரிப்'. பெண்கள் சென்றால், வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்வி முன்வந்து நிற்கின்றது.

இத்தடைகளைத் தனியொரு பெண்ணால் தாண்ட முடியாது. சங்கத்தால் தாண்ட முடியும். சீட்டுப் பிடிக்கும் பழக்கம் எமது பெண்களுக்குப் புதிதன்று. 40 பேர் வாரம் 100 ரூபா வீதம் 20 வாரங்கள் சேமித்தால் 80,000 ரூபா சேரும். அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அவர்களே கூடிக் கணக்கிடட்டும். நாற்பது குடும்பங்களிலிருந்து ஒரே நாளில் பெண்கள் புறப்படுகையில் ஊர்ப் பேச்சும் ஓய்ந்துவிடும். அன்றைய தினம் பிள்ளைகளையும் முதியோரையும் பராமரிக்கும் பொறுப்பை வீட்டு ஆண்கள் ஏற்பது நியாயமான ஒழுங்காகும்.

எங்கே செல்வது? தொலைதூரம் செல்ல வேண்டிய அவசியம் இல்லை. கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாக இறங்கிக் கலஹா சந்தியை அடைகின்றது. அங்கிருந்து சிறிது தூரத்திலேயே 1821இல் ஆரம்பிக்கப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்கா உள்ளது. மகாவலி வளைந்தோடும் கரையில் 147 ஏக்கரில் அமைந்துள்ள அப்பூங்கா, வயது முதிர்ந்தோரும் சமதரையில் ஆறுதலாக நடந்து பார்க்கக்கூடிய இடமாகும். கண்டி நகரில் உடவத்தகலை வனமும், 1807இல் கட்டப்பட்ட கண்டி வாவியைச் சுற்றிய நடைபாதையும் உண்டு. ஹந்தானையில், 1925இல் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது. தம் கையாற் பறிக்கும் கொழுந்து கடந்து வந்த வரலாற்றைத் தொழிலாளப் பெண்கள் அங்கே காணலாம். லூல்கந்துரவிலோ, டெய்லர் வசித்த குடிலின் எச்சமும் அவர் அமர்ந்து மலையைப் பார்த்த கல்லிருக்கையும் உள்ளன. அவ்விருக்கையில் எமது பெண்களும் ஒரு நாள் அமர்ந்து பார்க்கட்டும்.

எப்போது செல்வது? எமது பகுதியின் கோடை, தமிழ்நாட்டின் கோடையைப் போன்றதன்று. ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை மழை குறைந்த காலம். மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் முழுவதும், காலையில் வானம் தெளிந்திருந்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழமை. ஆகவே அம்மாதங்களில் அதிகாலையில் புறப்பட்டு, நண்பகலுடன் திறந்த வெளி நிகழ்ச்சிகளை முடித்துக்கொள்வதே உசிதம். இடி முழங்கும்போது தனித்து நிற்கும் மரத்தின் கீழ் ஒதுங்குவது ஆபத்தானது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டங்கள் நடைபெறுவதால் அப்பக்கத்து வீதிகளில் நெரிசல் மிகும் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும். ரமழான் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்வதால், திகதியைத் தீர்மானிக்கும்போது அதனையும் பார்த்துக்கொள்வது முஸ்லிம் உறுப்பினர்களுக்குச் செய்யும் மரியாதையாகும்.

பாதுகாப்பு விடயத்தில் அலட்சியம் கூடாது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி, சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் இரவு வேளையில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். மலைப்பாதையில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது, வாகனத்தின் தடுப்புக் கருவிகளைப் பரிசோதித்த பின்னரே புறப்படுவது, சாரதிக்குப் போதிய ஓய்வளிப்பது ஆகியவற்றைச் சங்கத்தினர் நிபந்தனையாகவே விதிக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய பேரழிவை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ள நாளில், முற்பணம் செலுத்தியாயிற்று என்பதற்காகப் புறப்படுவது அறிவுடைமை ஆகாது.

குளவிக் கொட்டின் கொடுமையைத் தோட்டப் பெண்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் நகரத்திலிருந்து உடன் வருவோருக்கு அது தெரியாது. கூட்டின் மீது கல்லெறிவதோ, அருகில் புகை மூட்டுவதோ கூடாது. குளவிகள் கலைந்தால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு விரைவாக அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். பலமுறை கொட்டப்பட்டவரையும், மூச்சுத் திணறுபவரையும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையை இலவசமாகப் பெறலாம். நீர்வீழ்ச்சிகளிலும் ஆற்றிலும் மேலே பெய்யும் மழையால் நீர்மட்டம் திடீரென உயரும். அறியாத நீரில் இறங்காதிருப்பதே நன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் தம் மருந்தையும், அனைவரும் போதிய குடிநீரையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

பெண்களின் சுற்றுலாவைத் தீர்மானிக்கும் இன்னுமொரு விடயம் மலசலகூடமாகும். கொழுந்து மலையில் அவ்வசதியின்றி நாள் முழுவதும் தாகத்தை அடக்கிப் பழகிய பெண்கள், பயணத்திலும் தண்ணீர் அருந்தாமலே இருந்துவிடுகின்றனர். ஆகவே, செல்லுமிடத்தில் தூய்மையான மலசலகூடம் உள்ளதா, லுஹர் தொழுகைக்கு ஒதுக்கிடமும் வுழூச் செய்ய நீரும் கிடைக்குமா என்பவற்றை முன்கூட்டியே ஒருவர் நேரிற் சென்று பார்த்து வருவது நல்லது. உணவை மரக்கறியாகச் சமைத்துக் கட்டிக்கொண்டு சென்றால் இந்துப் பெண்களின் விரதத்துக்கும் முஸ்லிம் பெண்களின் ஹலால் பேணலுக்கும் இடையில் சிக்கல் எழாது. வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பார்சலுக்கு ஈடான உணவு எது? பொலித்தீனைக் காட்டில் வீசிவிட்டு வரும் இழிவும் அதனால் தவிரும்.

இவ்விடத்தில் ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைவீதியில் கொடுக்கல் வாங்கல் செய்கின்றனர். ஒரே பஸ்ஸில் பயணிக்கின்றனர். ஆனால் பெண்களின் ஒன்றுகூடல் என்று வருகையில், கோயிலைச் சார்ந்த சங்கம் தனியாகவும் பள்ளிவாசலைச் சார்ந்த சங்கம் தனியாகவும் இயங்குவதே பெரும்பாலான ஊர்களின் வழக்கம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அயலவர் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதே பல இடங்களில் உயிரையும் உடைமையையும் தீர்மானிக்கும் விடயமாயிற்று. ஒரு மரத்தடியில் அமர்ந்து சோற்றைப் பகிர்ந்துண்ட பெண்கள், நெருக்கடி வரும் நாளில் ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் தட்டத் தயங்க மாட்டார்கள். சமாதானக் கூட்டங்கள் பல செய்ய இயலாததை, இரு சங்கங்கள் கூடிச் செல்லும் ஒரு நாள் பயணம் செய்துவிடக் கூடும்.

உடல்நலக் காரணமும் இதற்கு உண்டு. வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நகரத்து வீடுகளிலும் கடை வீடுகளிலும் வாழும் பெண்கள் பலருக்கு இந்நடை கிடைப்பதில்லை. தோட்டப் பெண்களுக்கோ நடை மிகுதி, ஓய்வு இல்லை. ஒரு சாராருக்கு உடலும் மறு சாராருக்கு மனமும் இளைப்பாறும் வழி இதுவாகும்.

ஆதலால், கலஹாப் பிரதேச மாதர் சங்கங்கள் வருடத்தில் ஒரு நாளையேனும் கூட்டுச் சுற்றுலாவுக்கென ஒதுக்கித் தமது ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். தோட்ட நிருவாகங்கள் அந்நாளுக்கு விடுமுறையும் வாகன உதவியும் வழங்குவது அவற்றுக்குப் பாரமாகாது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பொது இடங்களில் மலசலகூட வசதியை உறுதிப்படுத்த முன்வர வேண்டும். கோயில் பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் இதற்கு ஆதரவாக ஒரு வார்த்தை கூறினால், தயங்கி நிற்கும் குடும்பங்கள் பல சம்மதிக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகுக்குத் தேநீர் கொடுத்த மலை அது. அதில் உழைத்த பெண்கள் ஓய்ந்திருந்து அதைப் பார்ப்பதற்கு ஆண்டில் ஒரு நாள் கேட்பது மிகையான கோரிக்கையன்று.