அரைக் கட்டை இறக்குங்கண்ணா

ஓசூர் மத்திகிரிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி என்றால் மூன்று மொழியிலும் பாட்டு வேண்டும். தமிழ்ப் பாட்டு முடிந்ததும் ஒரு தெலுங்கு, அடுத்து ஒரு கன்னடம். பாட்டுக்கு ஒரு பாடகர் மாறுவார். அவரோடு சுருதியும் மாறும். “அரைக் கட்டை இறக்குங்கண்ணா” என்று பாடகி சொல்லி முடிப்பதற்குள் கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானைத் தட்டியிருப்பார். பழகிய அதே கட்டைகளில்தான் அவர் விரல் ஓடும். ஒலி மட்டும் அரைக் கட்டை கீழே கேட்கும்.

இந்த ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடவே கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பன்னிரண்டு சுருதியிலும் விரல் பழகாதவர்களுக்கான ஊன்றுகோல் அது என்பது அவர்கள் கட்சி. பியானோ படிக்கிறவருக்கு அந்தக் கண்டிப்பு சரி. நம் இசைக்கு அது பொருந்தாது. பாடுகிறவரின் குரலுக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே ஸட்ஜம். மற்ற ஸ்வரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதில்தான் ராகம் இருக்கிறது. ஸட்ஜத்தை நகர்த்தினால் ராகம் அப்படியே கூட நகரும். அந்த விதியைத்தான் பொத்தான் நிறைவேற்றுகிறது. அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லினும் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் மட்டுமே வாசிப்பார். நெம்புகோலால் சுருதி மாற்றும் பியானோ ஒன்றை அவர் வைத்திருந்தார். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பொத்தானுக்குள் நடப்பது வெறும் கூட்டல் கழித்தல். 1983-இல் வந்த மிடி என்ற பொதுமொழியில் ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடு ‘ஸி’யின் எண் 60. ‘ஸி’யான ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டை சுருதிக்குப் போக வேண்டுமென்றால் கருவி எல்லா எண்களோடும் 2 சேர்த்துக்கொள்கிறது. 60-ஐ அழுத்தினால் 62 ஒலிக்கும். அதிர்வெண்ணில் இது கூட்டல் அல்ல, பெருக்கல். அரைக் கட்டை ஏற ஒவ்வொரு முறையும் சுமார் 1.0595-ஆல் பெருக்க வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக இரண்டு மடங்கு, அதாவது மேல் ஸட்ஜம்.

இந்தக் கணக்கைப் பிசகாமல் நடத்துவது கருவிக்குள் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம். ஓசூருக்கு அது அந்நியமான பொருளே அல்ல. டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்கள் செய்து பேர் வாங்கியது இந்த ஊரில்தான். கடிகாரப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. இசைக்காரர் காதுக்கு ஒவ்வொரு பாதியும் ஒரு ஸ்தாயி இறக்கம். கடிகாரத்தின் டிக் ஒலி அந்தப் படிகத்தின் ஸட்ஜத்துக்குப் பதினைந்து ஸ்தாயி கீழே விழுகிறது என்றும் சொல்லலாம்.

படிகம் குளிருக்கு அசையாது. குழல் அசையும். மத்திகிரியின் மார்கழி இரவில் காற்று 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் அதில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1.7 சதவீதம் குறைகிறது. புல்லாங்குழலின் சுருதியும் அதே அளவு இறங்கப் பார்க்கும். அது அரைக் கட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஊதுகிற மூச்சு குழலைச் சூடாக்குவதால் நிஜத்தில் இறக்கம் இதைவிடக் குறைவுதான். ஆனாலும் காது பிடித்துவிடும். ட்ரான்ஸ்போஸ் இங்கே உதவாது, அதற்கு அரைக் கட்டைக்குக் குறைவாக நகரத் தெரியாது. கீபோர்டில் ஃபைன் ட்யூன் என்ற இன்னொரு வசதி இருப்பது இதற்காகத்தான். குழல்காரரிடம் ஏறி வரச் சொல்வதைவிடக் கீபோர்டுக்காரர் கொஞ்சம் இறங்கிப் போவதே நியாயம்.

ஓசூருக்கு அடுத்த பெங்களூரில் 1979-இல் ஜி. ராஜ்நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் கருவிகளில் சுருதியைக் குமிழால் சிறுகச் சிறுக நகர்த்தலாம். தம்புராவோடு சேர்த்து வாசித்துப் பார்க்கும்போதுதான் கீபோர்டின் நிஜமான குறை வெளிவரும். தம்புராவின் ஸட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேட்டால் அதற்குள் ஓர் அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். அதன் இயற்கை விகிதம் 5/4. கீபோர்டின் காந்தாரமோ எல்லா இடைவெளியையும் சமமாக வெட்டியதால் வந்தது, இயற்கை காந்தாரத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்தது. ஒரு கட்டை சுருதியில், 130.8 ஹெர்ட்ஸ் ஸட்ஜத்தோடு அதைப் பிடித்தால், இரண்டும் உரசி வினாடிக்கு ஐந்து முறை ஒலி ஏறி இறங்குவது கேட்கும்.

ஹார்மோனியத்துக்கும் இதே குறைதான். ஸ்வரத்தை அசைக்கவும் அதனால் முடியாது. இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-இல்தான் அது தளர்ந்தது. தடை அநியாயம், காரணம் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் அது தோடியாகாது.

சிந்தசைசர் ஹார்மோனியத்தைத் தாண்டுவது இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தால். வலது கை கட்டையை அழுத்தியிருக்க, இடது கை சக்கரத்தை உருட்டி ஸ்வரத்தை இழுக்கும், ஆட்டும். மிடியில் இந்தச் சக்கரத்தின் பாதை 16,384 படிகளாகப் பிரிகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு அரைக் கட்டைகளுக்குள் அத்தனை படி. எந்தக் காதும் அந்தப் படிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்காது. ‘கீபோர்டு’ கே. சத்யநாராயணன் கர்நாடக சங்கீத மேடையில், ஸ்வரத்தை அசைக்கும் கமகங்களோடு முழுக் கச்சேரி வாசிப்பது இந்தச் சக்கரத்தின் பலத்தில்தான். கருவியால் முடியுமா என்ற கேள்வியை அவர் கை முடித்துவைத்துவிட்டது.

பதிவு செய்த வீணை ஒலியில் ட்ரான்ஸ்போஸும் சக்கரமும் செய்யும் வேலை வேறு வேறு. ட்ரான்ஸ்போஸ் பக்கத்துக் கட்டைக்குரிய ஒலியை எடுத்துக் கொடுக்கும். சக்கரமோ அதே பதிவை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டும். இரண்டு அரைக் கட்டை மேலே இழுத்தால் பதிவு 12 சதவீதம் வேகமாக ஓடுகிறது, மீட்டொலியும் அதற்கேற்பச் சீக்கிரம் அடங்கும். இந்த அளவுக்கு வீணை வீணையாகவே கேட்கும். ஒரு ஸ்தாயி இழுத்தால் பொம்மை வீணைதான்.

சக்கரத்துக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. அழுத்தியிருக்கும் எல்லா ஸ்வரங்களையும் அது ஒன்றாக இழுக்கும். ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் ஆட்ட முடியாது. 2018-இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. என்ற முறை ஒவ்வொரு விரலுக்கும் தனிப் பாதை கொடுத்து இதைத் தீர்க்கிறது. கட்டையே இல்லாத கருவியும் இருக்கிறது. லிப்போல்டு ஹாக்கன் வடிவமைத்த கன்டினுவம் பலகையில் விரல் வழுக்கும் இடமெல்லாம் ஸ்வரம், ஏ. ஆர். ரஹ்மான் ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டின் இறுதியில் வாசித்திருப்பது அதைத்தான்.

அதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பிள்ளைகள் கற்கும் கீபோர்டில் சக்கரம் இருந்தால், அதன் எல்லை இரண்டு அரைக் கட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பன்னிரண்டில் வைத்திருந்தால் விரல் பட்டாலே ஸ்வரம் தாவிவிடும். பிறகு தம்புராவை ஓடவிட்டு, ட்ரான்ஸ்போஸால் பிள்ளையின் குரலுக்குச் சுருதி வைத்து, அவர்கள் பாடுகிற ஒரே ஒரு கமகத்தைச் சக்கரத்தில் வரவழைக்கச் சொல்லுங்கள். முதலில் வாயால் பாட வேண்டும், அப்புறம்தான் இடது கை.