நடுக்கடலில் முறிந்த கப்பல்

2013 ஜூன் 17. சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘எம்ஓஎல் கம்ஃபர்ட்’ என்ற கண்டெய்னர் கப்பல், ஏமனுக்கு அப்பால் நடுக்கடலில் நடுவாக முறிந்தது. நீளம் 316 மீட்டர், வயது ஐந்துதான். பாறையில் மோதவில்லை, வேறு கப்பல் இடிக்கவில்லை. பருவக்காற்றுக் காலத்துக் கொந்தளிப்பு மட்டுமே. மாலுமிகள் 26 பேரும் உயிர் தப்பினார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் இருந்த கப்பலின் இரண்டு துண்டுகளும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மூழ்கின.

துருவேறிய கிழட்டுக் கப்பலாக இருந்தால் யாரும் வியக்கமாட்டார்கள். இதுவோ நாகசாகியில் மிட்சுபிஷி கட்டியது. ஜப்பானின் ‘கிளாஸ்என்கே’ சான்று பெற்றது. விதிப்படி எல்லாம் சரி. அதுதான் கலங்கவைத்தது.

கப்பல்காரர்கள் ‘கிளாஸ்’ என்று சொல்வது இத்தகைய தரச்சான்று அமைப்புகளைத்தான். 1760-இல் லண்டனில் தொடங்கிய லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் இவற்றில் மூத்தது. இந்தியாவுக்கு, மும்பையில் 1975-இல் பிறந்த இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங். அடித்தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்கவேண்டும், பற்றவைப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் இவர்களுடைய விதிநூலில் இருக்கும். கிளாஸ் இல்லாத வணிகக் கப்பலுக்குக் காப்பீடு கிடைப்பது அரிது.

கம்ஃபர்ட் ஏன் முறிந்தது? அலைமுகடு கப்பலின் நடுப்பகுதியைத் தூக்கும்போது இரு முனைகளும் கீழே தொங்கும். மேல்பக்கம் இழுபடும், அடித்தகடு நெருக்குண்ணும். கண்டெய்னர் இறக்க வசதியாக மேல்தளம் அகலத் திறந்திருப்பதால் உடல் மூடியில்லாத அட்டைப்பெட்டியைப் போன்றது. போதாததற்கு, கடல்நீரும் அடித்தகட்டைக் கீழிருந்து மேலே அழுத்துகிறது. இரண்டும் ஒருசேர வந்தால் தகடு மடியும். இந்தக் கூட்டு விளைவை அன்றைய விதிகள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. விபத்துக்குப் பின் அதே வடிவில் கட்டிய கப்பல்களைச் சோதித்தபோது, சிலவற்றின் அடித்தகடு சுமார் 20 மில்லிமீட்டர் வரை புடைத்திருந்தது தெரிந்தது. அவற்றின் உடல் வலுப்படுத்தப்பட்டது.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்எஸ்சி நேப்போலி’யின் உடல் எஞ்சின் அறைப் பக்கம் விரிசல் விட்டது. கப்பல் நீளத்தின் நடு 40 சதவீதத்தில் மட்டுமே தகடு மடியுமா என்று பார்த்தால் போதும் என்பது அப்போதைய பொது விதி. எஞ்சின் அறையோ அதற்கு வெளியே இருந்தது. பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் கண்டெய்னர் கப்பல்களுக்கென்றே புதிய பொது வலிமை விதிகளை கிளாஸ் அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு வெளியிட்டது 2015-இல்தான். 2016 ஜூலை முதல் ஒப்பந்தமான கப்பல்களுக்கே அவை பொருந்தும். எட்டாண்டு தாமதம் மிக நீண்டது.

விதி திருந்தினாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கிளாஸுக்குக் கட்டணம் கொடுப்பவர் கப்பல் உரிமையாளர். அதனால் பரிசோதகர் கண்டிப்புக் காட்டத் தயங்கலாம். அந்தக் கண்டிப்பில்தான் கடலின் சுத்தமும் அடங்கியிருக்கிறது. 1999 டிசம்பரில் பிரெஞ்சுக் கரையோரம் ‘எரிகா’ என்ற 24 வயது எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்து, சுமார் 20,000 டன் கனரக எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெய் படிந்து கடற்பறவைகள் பெருந்திரளாக மடிந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் இத்தாலியின் ‘ரினா’ அதன் சான்றைப் புதுப்பித்திருந்தது. வழக்கு பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் நடந்தது. 2012 செப்டம்பரில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம், உரிமையாளரோடும் கப்பலை அமர்த்திய டோட்டல் நிறுவனத்தோடும் சேர்த்து, சான்றளித்த ரினாவையும் குற்றவாளி என உறுதிசெய்தது.