பழைய விளையாட்டுப் படமும் மாற்றுக் கருவியும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பரண்மீது ஏறிவிட்ட பொருள்களுள் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியும் ஒன்று. அதனைத் தூசு தட்டி இன்றைய தட்டைத் திரையுடன் இணைத்தால் படம் வருகிறது. ஆனால் மங்கலாக வருகிறது. பொத்தானை அழுத்திய பின் சற்றுத் தாமதித்தும் வருகிறது. இதற்குக் காரணம் யாது?

பழைய படக்குழாயில் எலெக்ட்ரான் கதிர் வரி வரியாக ஓடிப் படத்தைத் தீட்டுகிறது. அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு முழுப் படத்திற்கு 525 வரிகள். இந்தியா மேற்கொண்ட பால் முறையில் 625 வரிகள். முதலில் ஒற்றைப்படை வரிகளையும், பின்னர் இரட்டைப்படை வரிகளையும் தீட்டுவது ஒளிபரப்பின் வழக்கம். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் போன்ற கருவிகளோ, அதே வரிகளின்மீதே மீண்டும் மீண்டும் தீட்டின. ஆகவே கண்ணுக்குத் தெரிந்தவை ஏறக்குறைய 240 வரிகளே. இடையிடையே கறுப்புக் கோடுகள் நின்றன. தட்டைத் திரைகள் பல இதனை ஒளிபரப்புப் படமென்று கொண்டு, அடுத்தடுத்த இரு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. மங்கலும் தாமதமும் பெரும்பாலும் இதனாலேயே விளைகின்றன.

ஆதலின் ஆர்வலர்கள் படக்குழாய்த் திரையையே நாடுகின்றனர். அவர்களுக்கு உதவுபவை, விரிவுரை மண்டபங்களுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்குமென முன்னாளில் செய்யப்பட்ட மாற்றுக் கருவிகள். இவை உறுதியான உலோகப் பெட்டிகள். பின்புறம் முறுக்கிப் பூட்டும் பி.என்.சி. இணைப்புகள் கொண்டவை. இவற்றை இரு வகையாகப் பிரித்தறிதல் அவசியம்.

முதல் வகை, படத்தை மாற்றுவதில்லை. சிவப்பு, பச்சை, நீலக் குறிகளையும், வரி தொடங்கும் நேரத்தை அறிவிக்கும் ஒத்திசைவுக் குறியையும் சீர்ப்படுத்தித் தருவதே அதன் பணி. எனவே தாமதம் என்பது இல்லை. 1988இல் வந்த செகா மெகா டிரைவ் போல மூவர்ணக் குறிகளைத் தனித்தனியே தரும் கருவியை நிலையத் திரையுடன் இணைக்க இதுவே ஏற்றது.

இரண்டாம் வகை, படத்தை நினைவகத்தில் ஏற்றி வரிக் கணக்கையே மாற்றுகிறது. 1987இல் வந்த வி.ஜி.ஏ. முறையில் கணிப்பொறி வினாடிக்கு ஏறக்குறைய 31,500 வரிகளை அனுப்பும். பழைய தொலைக்காட்சி ஏற்பதோ அதில் பாதியளவே. கணிப்பொறியில் ஓடும் பழைய விளையாட்டைப் படக்குழாயில் காண இவ்வகை தேவை. ஆயினும் படம் நினைவகத்தில் தங்கிச் செல்வதால் சிறிது தாமதம் நேரும். திரையின் ஒளியைக் கணநேரக் கணக்கில் அறிந்து இயங்கும் விளையாட்டுத் துப்பாக்கி இதன் வழியே பிழை செய்யும். ஆகவே விலையைக் கேட்பதற்குமுன் வகையைக் கேட்பதே விவேகம்.

தில்லி லஜ்பத் ராய் சந்தை, மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. சாலை ஆகியவை மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போனவை, அங்கே விசாரிக்கலாம். வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். கருவி 110 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாயின், நம் 230 வோல்ட்டில் நேரே இணைத்தல் கூடாது. ஒத்திசைவுக் குறி சில வோல்ட் அளவில் வெளிவருமாயின், ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த குறியையே எதிர்பார்க்கும் திரைக்கு அதனைத் தடை சேர்த்துத் தணித்தே அனுப்ப வேண்டும். தொலைக்காட்சியின் பின்மூடியை மட்டும் நாமே திறத்தல் ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

வீட்டுத் தொலைக்காட்சிக்கான படக்குழாய் உற்பத்தி இன்று ஏறத்தாழ நின்றுவிட்டது. பழுதாகும் ஒன்றுக்கு ஈடாகப் புதியது கிடைப்பது அரிது. நம் பிள்ளைப் பருவத்து விளையாட்டை நம் பிள்ளைகள் அதன் இயல்பான உருவில் காண வேண்டுமாயின், பரண்மீதுள்ள பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.