இலவசப் பாடநெறிகள்: செலவை ஏற்பது யார்?

இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பில்லை என்பது வியாபாரிகளிடையே நிலவும் பழைய கருத்து. இணையத்தின் ஊடாக நடத்தப்படும் இலவசப் பாடநெறிகளைப் பொறுத்தவரை இது எந்தளவு உண்மை?

2011 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செபஸ்தியன் த்ரன், பீட்டர் நோர்விக் ஆகியோர் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடநெறி யாவருக்கும் திறந்து விடப்பட்டது. சுமார் 160,000 பேர் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா ஆகிய நிறுவனங்கள் தோன்றின. எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆகிய இரண்டும் இணைந்து தலா 30 மில்லியன் டொலர் ஒதுக்கி எட்எக்ஸ் அமைப்பை ஆரம்பித்தன.

இதிலுள்ள கணக்கு எளிதானது. விரிவுரையைத் தயாரித்து ஒளிப்பதிவு செய்வதற்கே பெருஞ்செலவு. அதன் பின் நூறு பேர் பார்த்தாலும் இலட்சம் பேர் பார்த்தாலும் மேலதிகச் செலவு சொற்பமே. பல்தேர்வு வினாக்களைக் கணனியே திருத்திவிடும்.

ஆனால் பதிவு செய்வது வேறு, படித்து முடிப்பது வேறு. 2012 இல் நடைபெற்ற எட்எக்ஸின் முதலாவது பாடநெறியான மின்சுற்றுகள் பாடத்துக்கு 154,763 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. எனினும் இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. வருடத்துக்கு 200 பேர் வீதம் மண்டபத்தில் அமர்த்திக் கற்பித்தால், இத்தொகையினரைப் பயிற்றுவிக்க 35 வருடங்களுக்கு மேல் செல்லும்.

உண்மையான பிரச்சினை வேறிடத்தில் உள்ளது. 2013 இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியுடன் இணைந்து, ஆரம்பக் கணிதம் உள்ளிட்ட பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் இணையவழி நடத்தியது. சித்தியடைந்தோர் வீதம் வழமையான வகுப்புகளை விடக் குறைந்ததால் அம்முயற்சி அதே ஆண்டில் இடைநிறுத்தப்பட்டது. ஏற்கனவே கற்கப் பழகியவர் தனியே முன்னேறி விடுவார். அடித்தளம் பலவீனமானவருக்கோ அருகிலிருந்து வழிகாட்டும் ஆசிரியர் தேவை. கல்வி எவருக்கு அதிகம் தேவையோ அவரே இடைநடுவில் விலகுகிறார்.

செலவை ஈடு செய்யும் வழியும் மாறியது. பல பாடநெறிகளில் விரிவுரை இலவசம். புள்ளியிடப்படும் ஒப்படைகளுக்கும் சான்றிதழுக்கும் கட்டணம். 2021 இல் கோர்செரா நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. அதே ஆண்டில் எட்எக்ஸ், டூயூ நிறுவனத்துக்கு 800 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனமோ 2024 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

எனவே, பதிவு செய்யுமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். சான்றிதழ் இலவசமா எனப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு பாடநெறியை மட்டும் தெரிவு செய்யுங்கள். இரண்டு மூன்று நண்பர்களுடன் சேர்ந்து, நேரம் குறித்துப் படியுங்கள். ஊழியரைச் சேர்க்கும் முதலாளிமாரும் சான்றிதழை மட்டும் பாராது, கற்றதைச் செய்து காட்டச் சொல்வதே நன்று. பணம் கொடுக்காவிட்டாலும் நேரத்தையும் உழைப்பையும் கொடுத்தே தீர வேண்டும். அந்தச் செலவைப் படிப்பவரே ஏற்க வேண்டும்.