ஃபெல்ட் துணியில் ஓர் அம்மோனைட்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஃபேன்சி ஸ்டோரில் போய் ‘ஃபெல்ட் ஷீட்’ என்று கேட்டால் கலர் கலராக எடுத்துப் போடுவார்கள். வாங்கியதும் ஓரத்தைக் கத்தரியால் வளைத்து நெளித்து வெட்டிப் பாருங்கள். ஒரு நூல்கூடப் பிரியாது. தறியில் நெய்த துணி என்றால் பாவும் ஊடும் அவிழ்ந்து வரும், ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். ஃபெல்ட்டில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. இழைகள் கன்னாபின்னாவென்று சிக்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் கோணல்மாணலாக வெட்டினாலும் வீணாகாமல் இருப்பது இதனால்தான்.

இந்தச் சிக்கல் எப்படி விழுகிறது? நீளமான தலைமுடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடி ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். வேர்ப்பக்கம்தான் முன்னே போகும். முடியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் ஊரும். முடியின் மேல் மிக நுண்ணிய செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் பிடித்துக்கொள்ளும். ஆட்டு உரோமத்திலும் இதே கதைதான். வெந்நீரும் சோப்பும் ஊற்றி அழுத்தித் தேய்த்தால் ஒவ்வோர் இழையும் வேர்ப்பக்கமாக உள்ளே நுழையும், திரும்பி வராது. கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டுச் சுருங்கவைத்தவர்கள் எல்லாம் தெரியாமல் ஃபெல்ட் செய்தவர்களே.

பெரம்பலூர்ப் பக்கம் மேயும் ‘திருச்சி கருப்பு’ ஆட்டின் உரோமம் முரடு. மெரினோ ஆட்டு உரோமம்போல் சுலபத்தில் பிணையாது. இங்கே விளையும் பருத்திக்குச் செதிலே இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சுதான். கடையில் விற்கும் மலிவு ஷீட்டும் பெரும்பாலும் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோதான், கம்பளி அல்ல. சிறு சிறு முள் வைத்த ஊசிகளால் எந்திரத்தில் குத்திக் குத்தி அதன் இழைகளைக் கோத்துவிடுகிறார்கள்.

ஃபெல்ட்டில் ஆந்தையும் பட்டாம்பூச்சியும் செய்ய யூடியூப் இருக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மோனைட் செய்யலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குன்னம் பக்கமெல்லாம் கடல். கணவாயின் தூரத்து உறவினரான அம்மோனைட்டுகள் சுருண்ட ஓட்டோடு அதில் நீந்தின. அவற்றின் புதைபடிவங்களை புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலேயே படங்களோடு விவரித்துவிட்டார். ஆனாலும் 2020-ல் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் அலறியது. நிபுணர்கள் வந்து பார்த்து, அவை கடல் படிவு இறுகி உருண்ட கற்கள் என்றார்கள்.

ஒரே அகல ஃபெல்ட் நாடாவைச் சுருட்டினால் கொசுவர்த்திதான் வரும். சுற்றுகள் எல்லாம் ஒரே பருமன். அம்மோனைட் அப்படியல்ல. உயிரி வளர வளர ஓடும் பருத்துக்கொண்டே போகும். அதனால் 30 செ.மீ. நீளமும் அடியில் 8 செ.மீ. அகலமும் உள்ள கூர் முக்கோணமாக வெட்டுங்கள். நீளவாக்கில் மடித்து ஓரத்தைத் தைத்தால், ஒரு முனை கூராகவும் மறுமுனை அகலமாகவும் குழாய் கிடைக்கும். ஊசிவேலையைப் பெரியவர்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ளட்டும். குழாய்க்குள் பஞ்சை அடைக்கலாம். செதில் இல்லாத பருத்திக்கு இங்கே வேலை வந்துவிட்டது. தடித்த நூலை இடைவெளி விட்டுச் சுற்றி இறுக்கினால் ஓட்டின் வரிகள் எழும்பும். பிறகு கூர்முனையில் தொடங்கிச் சுருட்டி, சுற்றோடு சுற்றைத் தைக்க வேண்டும்.

அகன்ற முனையில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பஞ்சு வைக்காதீர்கள். உயிரி குடியிருந்தது அந்தக் கடைசி அறையில் மட்டுமே. உள்ளே இருந்தவை தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுவந்த பழைய அறைகள். அவற்றில் நிரம்பிய வாயு அதை மிதக்கவைத்தது. காலியாக விட்ட வாய்க்குள் வேறு கலர் ஃபெல்ட்டில் மெல்லிய கைகளை வெட்டி, அடிப்பக்கம் சேர்த்துத் தைத்துச் செருகிவிடுங்கள். அவற்றை உள்ளே இழுத்தும் வெளியே நீட்டியும் பிள்ளைகள் விளையாடலாம்.