காரை மாற்றினேன், அப்பாவிடம் சொல்லவில்லை

சென்ற விடுமுறையில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு சாப்பாட்டு வேளையில், காரின் காப்புறுதியைப் புதுப்பிக்க முகவர் அக்கா கைப்பேசியில் அழைத்தார். ஒவ்வொரு கேள்வியாக அவர் கேட்க, அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டியில ஏதாச்சும் மாத்தம் செஞ்சிருக்கீங்களா, அண்ணே?"

"ஒன்னும் இல்லம்மா. வாங்குனப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பழைய மைவி அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஆனால், பல்கலைக்கழகத்துக்கு அதை ஓட்டிச் செல்வது நான்தான். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் ஸ்போர்ட் ரிம் போட்டேன். அது அப்பாவுக்குத் தெரியும். அழகுக்குத்தானே என்று விட்டுவிட்டார். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியதும், வேகத்துக்காக இயந்திரத்தை 'டியூன்' செய்ததும் அவருக்குத் தெரியாது. "ஏன் வண்டி தணிஞ்சிருக்கு?" என்று ஒருமுறை கேட்டபோது, டயர் மாற்றியதால் அப்படித் தெரிகிறது என்று சமாளித்திருந்தேன்.

கார் அப்பாவின் பெயரில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இழப்பீடு கோராமல் ஓட்டியவர்களுக்குக் கிடைக்கும் என்சிடி கழிவு அவருக்கு 55 விழுக்காடு. தனியார் கார்களுக்கு அதுவே உச்சம். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கோராமல் இருந்தால்தான் அது கிடைக்கும். முதன்முறையாக என் பெயரில் எடுத்தால் கழிவு எதுவும் இருக்காது.

அவர் சேர்த்து வைத்த நல்ல பெயரில் நான் ஓட்டுகிறேன். இப்போது என்னால் அவர் தெரியாமலே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு, "இப்ப என்னம்மா செய்யறது?" என்று கேட்டார்.

அக்கா பொறுமையாக விளக்கினார். நம் நாட்டில் சட்டப்படி கட்டாயமானது, விபத்தில் மற்றவர்களுக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமான காப்புறுதி. நம் காரின் சேதத்துக்குப் பணம் வேண்டுமென்றால் விரிவான காப்புறுதி எடுக்க வேண்டும். அதற்கு நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்வது நம் கடமை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், தெரியாமல் செய்த தவற்றையும் கவனக்குறைவையும் வேண்டுமென்றே மறைத்ததையும் வெவ்வேறாகவே பார்க்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்து, இழப்பீட்டை மறுக்கலாம். காயமடைந்தவருக்கு நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தாலும், பின்னர் அதை நம்மிடம் திரும்பக் கேட்கும் வாய்ப்பு உண்டு.

"எல்லா மாத்தத்தையும் கம்பெனி மறுத்திடாது, தம்பி. ஆனா அவங்களுக்குத் தெரியணும்" என்றார் அக்கா.

2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. அதனால், ஒரே மாற்றத்துக்கு ஒரு நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கலாம். இன்னொன்று ஏற்க மறுக்கலாம். இயந்திரத்தையோ நிறத்தையோ மாற்றினால் ஜேபிஜேயிடமும் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும்.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். ஸ்பிரிங்கையும் டியூனையும் பழையபடி மாற்றினேன். ரிம்மை மட்டும் வைத்துக்கொண்டோம். ரசீதையும் படங்களையும் அனுப்பி, அதைத் துணைப்பொருளாகக் காப்புறுதியில் சேர்த்தோம். கூடுதல் கட்டணத்தை நான்தான் கட்டினேன்.

திரும்பி வரும் வழியில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "மாத்துனதுகூடப் பரவால்லப்பா. எனக்குத் தெரியாமலே என் கையால பொய்க்குக் கையெழுத்துப் போட வெச்சிருப்பியே!"

காரை மாற்ற ஆசைப்படும் நண்பர்களே, பட்டறைக்குப் போவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்தைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆண்டு நடுவில் மாற்றினாலும், புதுப்பிக்கும்வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். பழைய கார் வாங்கினால், முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றியிருக்கிறார் என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள். முக்கியமாக, கார் யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள்.